லாச்சப்பலுக்கு வெளியே ஒரு வெள்ளிக்கிழமை

பரிஸ் அழகான ஊர் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அழகில்லை என்று சொல்ல வரவில்லை. அழகுதான். அதன் பழைய தெருக்களையும் பாலங்களையும் ஒரு முழு நாள் கால் நோக நடந்து பார்த்தவன் நான். அந்த நாளில்தான் ஊரில் என் அப்பாவை எரித்தார்கள். என்னோடு கூட நடந்த அண்ணைக்கு அது தெரியும். பரிஸில் எங்கள் ஆட்கள் கூடி இருக்கிற லாச்சப்பலில் பாதித் தமிழருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் லண்டனுக்குப் படிக்க வந்து, படித்த நேரத்தைவிடப் பெற்றோல் ஸ்டேசனில் நின்ற நேரம் கூடிப்போயிருந்த காலம். அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை, பெரியப்பாவின் மகன். நானும் தனிப்பிள்ளை, அவரும் தனிப்பிள்ளை. ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேருக்கு ஒரு வேலி இருந்தது. அவர் எனக்கு நாலு வயது மூப்பு. அந்த நாலு வயதை வைத்துக்கொண்டு என்னை அதட்டாத நாள் இல்லை. எனக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பி, எங்கெங்கோ எல்லை கடந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, நான் போனபோது அதே கடையில் மரக்கறி வெட்டும் இடத்துக்கு வந்திருந்தார். அதைப் பெரிய உத்தியோகம் மாதிரித்தான் சொல்வார்.

மூன்று நாள் லீவு எடுத்து, விசாவும் குத்திக்கொண்டு, கப்பலும் ரயிலுமாக ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினேன். அங்கிருந்து லாச்சப்பல் நடை தூரம். அண்ணையின் அறை ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தது. ஒரே அறையில் ஏழு பேர். இரவு வேலைக்காரர் எழும்பிப் போகும் மெத்தையில் பகல் வேலைக்காரர் வந்து விழுவார்கள். நான் லண்டன் நூலகத்தில் எடுத்து வந்த வழிகாட்டிப் புத்தகத்தை விரித்து, பார்க்கவேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அண்ணை கொட்டாவி விட்டார்.

“எனக்கு நாளைக்கு வேலை. உதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பாப்பம். நாளைக்கு நீ படுத்து எழும்பி, சாப்பிட்டு, கீழை றோட்டிலை நிண்டு புதினம் பார்.”

இவ்வளவு தூரம் வந்தது லாச்சப்பல் றோட்டைப் பார்க்கவா என்று எனக்குள் புறுபுறுத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் கண் விழித்தபோது அண்ணை உடுப்பு மாற்றி, சப்பாத்தும் போட்டு, என் தலைமாட்டில் குந்தியிருந்தார். முகம் வழிக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் விழித்திருந்தார்கள். அன்று சமைக்கும் முறை வந்தவர் எனக்குத் தேத்தண்ணியைக் கையில் கொண்டுவந்து தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார். இதென்ன மரியாதை, மாப்பிள்ளைக்குக்கூட இப்படிக் கொடுக்கமாட்டார்களே என்று நினைத்தேன்.

“வெளிக்கிடு. பரிஸ் பாப்பம்” என்றார் அண்ணை.

“வேலை?”

“லீவு சொல்லிட்டன்.”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காய்ச்சலோடும் வேலைக்குப் போகிற மனிதர் எனக்காக லீவு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். அப்பா அன்று விடியுமுன் ஊரில் இறந்துபோனார். நெஞ்சு நோகிறது என்று சொல்லியிருக்கிறார். வெளியே ஊரடங்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் பிடிக்க முடியவில்லை. செய்தி கொழும்பு மாமாவுக்குப் போய், மாமாவிடமிருந்து எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த பலசரக்குக் கடைக்கு வந்தது. அந்தத் தெருவில் எங்கள் ஆட்களுக்கு நம்பிக் கொடுக்கக்கூடிய ரெலிபோன் நம்பர் அது ஒன்றுதான். கடைக்காரர் பாண்டிச்சேரிக்காரர். அவர் மாடி ஏறி வந்து, என்னை எழுப்பாமல் அண்ணையை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

செய்தியோடு அம்மாவின் கட்டளையும் வந்தது. “பிரேதம் எடுக்குமட்டும் அவனுக்குச் சொல்லவேண்டாம். சொன்னால் பிளேன் ஏறிவிடுவான்.”

அம்மாவுக்கு என்னைத் தெரியும். ஏறித்தான் இருப்பேன். அந்த வருஷங்களில் என் வயதில் ஒரு தமிழ்ப் பெடியன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால், வீட்டுக்குப் போய்ச் சேருவான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இறங்கிய இடத்திலேயே பிடிபட்டுக் காணாமல் போனவர்களின் கதை எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இருந்தது. நான் வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் பிரேதத்தை எனக்காக வைத்திருக்கவும் வேண்டிவரும். அம்மா அதற்கும் இடம் வைக்கவில்லை. அன்று பின்னேரமே எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

அப்பா என்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று, பஸ் நிலையத்தில், பகிடி மாதிரித்தான் சொன்னார். “எங்கை வேணுமெண்டாலும் போ. என்ன வேணுமெண்டாலும் படி. நான் கண்ணை மூடினால் வந்து கொள்ளி வைச்சிட்டுப் போ. உன்னை விட்டால் எனக்கு ஆர்?” நானும் பகிடியாக, “ஓம், ரிக்கற் அனுப்பிவிடுங்கோ” என்றேன். அப்பா சிரித்தார். பகிடிக்குள் உண்மை இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரே பிள்ளை வைத்திருக்கிற தகப்பனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே அன்று அண்ணைக்கு இருந்த வேலை என்னை லாச்சப்பலை விட்டு வெளியே கொண்டுபோவது. அந்தத் தெருவில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் அடுத்த தெருவில் மல்லி அவிப்பார்கள். நான் கீழே இறங்கி நின்றால் போதும், யாராவது வந்து கையைப் பிடித்து, “கேள்விப்பட்டன் தம்பி” என்று தொடங்கிவிடுவார்கள். தமிழர் இல்லாத இடம் எது என்று அண்ணை யோசித்திருக்கவேண்டும். வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் போகிற இடங்கள்தான் அவருக்குத் தோன்றின.

மெத்ரோவில் ஏறி, சித்தே என்ற நிலையத்தில் இறங்கினோம். ஆற்றுக்கு நடுவில் இருக்கிற தீவு அது. பரிஸ் தொடங்கியதே அங்கேதான் என்று என் புத்தகம் சொன்னது.

“இஞ்சை எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் அண்ணை. நோத்ர டாம் கோயிலைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எதிர்ப்பக்கம் இருந்த பிரெபெக்சர் என்ற பொலிஸ் தலைமைக் கட்டடத்தின் சுவரைக் காட்டினார். “இந்தச் சுவரோடைதான் விசாவுக்கு லைனிலை நிண்டனாங்கள். குளிர் எண்டால் குளிர். ஆத்துப் பக்கத்தாலை காத்து வேறை.”

“அப்ப உந்தக் கோயிலுக்குள்ளை ஒருநாளும் போகேல்லையோ?”

“லைனை விட்டிட்டே போறது?”

எத்தனை ஆயிரம் மைல் தள்ளியிருந்தெல்லாம் சனம் வந்து அண்ணாந்து பார்க்கிற கோபுரங்கள். எங்கள் ஆட்கள் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. லண்டனில் இருந்து வந்தவன் என்ற தடிப்பு எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே இருந்தது.

கோயிலுக்குள் குளிரும் இருட்டுமாக இருந்தது. மேலே வட்டமான கண்ணாடி யன்னலில் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் நின்றது. நான் புத்தகத்தைப் பார்த்து எந்த அரசன் எப்போது கட்டினான் என்று வாசித்துக்கொண்டு போனேன். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்சத் தூரம் நடந்து மறுபடி பார்த்தார். பிறகு மெழுகுதிரி வைத்திருந்த இடத்துக்குப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

“கொளுத்து.”

“என்ன அண்ணை, வேதத்துக்கு மாறிட்டீங்களே?”

“பகிடி விடாதை. கொளுத்து.”

“நீங்களே கொளுத்துங்கோவன்.”

“நீதான் கொளுத்தவேணும்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏன் வீண் சண்டை என்று வேறு யாரோ ஏற்றிவைத்த திரியில் பிடித்துக் கொளுத்தி வைத்தேன். அண்ணை பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார். வாய் முணுமுணுத்தது. காதைக் கொடுத்துக் கேட்டால் தேவாரம்! மாதா கோயிலுக்குள் தேவாரம் படிக்கிற மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவி திரும்பிப் பார்த்தாள். அண்ணை என்னை அதட்டவில்லை. தேவாரத்தை முழுதாகப் படித்து முடித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

ஊரில் அது பிரேதம் எடுக்கும் நேரம். அண்ணை காலையிலேயே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். தகப்பனுக்காகப் பிள்ளையின் கையால் ஒரு நெருப்பு வைப்பிக்க அந்த ஊரில் அவருக்குக் கிடைத்த வழி அதுதான். இதை அவர் வாய்திறந்து ஒருநாளும் சொன்னதில்லை, நானாக விளங்கிக்கொண்டேன். அண்ணைமேல் எனக்குப் பல கோபங்கள் உண்டு. இந்த ஒன்றுக்காக அவரைக் கும்பிடவேண்டும் போல இருக்கும்.

பிரேதம் எடுத்தாகிவிட்டது. அம்மா போட்ட கட்டளை அதோடு முடிந்தது. இனி அண்ணை சொல்லலாம். ஆனால் அவர் சொல்லவில்லை. பாலத்தைத் தாண்டி மரே என்ற பழைய பகுதிக்கு நடந்தோம்.

அண்ணைக்குப் பரிஸ் என்றால் நிலத்துக்குக் கீழே இருக்கிற ஊர். எந்த நிலையத்தில் எந்த வாசலால் இறங்கி எந்த லைன் மாறவேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மேலே விட்டால் கிழக்கு மேற்குத் தெரியாது. மரேயின் ஒடுங்கிய தெருக்களுக்குள் இரண்டு பேரும் சுற்றியடித்தோம். பழைய பிரபுக்களின் மாளிகைகள், உள்ளே முற்றம், பெரிய மரக்கதவுகள். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், காவற்காரி துரத்திவிட்டாள். எப்படியோ பிளாஸ் தெ வோஸ்ஜ் என்ற சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். நாலு பக்கமும் ஒரே அச்சில் சிவப்புக் கல் வீடுகள், கீழே வளைவு வளைவாக நடைபாதை, நடுவில் புல்லும் மரமும். ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம்.

அங்கேதான் நான் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அண்ணையைக் கண்டால் வேறு யாரைப் பற்றிக் கதைப்பது? முதலில் பெரியப்பாவைக் கேட்டேன். பெரியப்பாவுக்கு வலப்பக்கம் கையும் காலும் விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. அவர் இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் ஊரில் எல்லோரும் இருந்தார்கள்.

“பெரியப்பா எப்பிடி அண்ணை?”

“இருக்கிறார்.”

“அப்பாதான் நெடுகக் குளிப்பாட்டுறாராம். சுடுதண்ணி சூடு காணாதெண்டு பெரியப்பா கத்துறவராம். அப்பா சொல்லுறார், கை கால் விழுந்தாலும் அண்ணைக்கு வாய் விழேல்லையாம்.”

அண்ணை புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. படிப்பு முடிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் லண்டனுக்குக் கூப்பிட்டு, அப்படியே இங்கேயும் கொண்டுவந்து காட்டுவேன் என்றேன். அப்பாவுக்கு இந்த வீடுகள் பிடிக்கும் என்றேன். இங்கத்தைப் பனிக்காலத்தில் அப்பா தலையில் துவாய் கட்டிக்கொண்டு நடப்பதை எழும்பி நின்று நடித்துக் காட்டினேன். அண்ணை எழும்பிப் போய், சதுக்கத்து மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். வெயில் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆற்றின் மறுகரைக்குப் போனோம். சேன் மிஷேல். பல நூறு வருஷமாக மாணவர்கள் இருந்து படித்த பகுதி என்றது புத்தகம். நான் போனபோது அங்கே படிப்பின் வாசனையைவிட இறைச்சி சுடும் வாசனைதான் கூட இருந்தது. ஒடுங்கிய தெருவில் கடைக்குக் கடை வாசலில் ஆட்டிறைச்சி கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வாயூறியது.

“மச்சம் வேண்டாம். இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்றார் அண்ணை.

“இஞ்சை வந்தும் வெள்ளிக்கிழமை பாக்கிறீங்களோ? நேற்றிரவு மற்ற அண்ணைமார் எனக்கு வேறை கதையெல்லாம் சொன்னவை.”

“சொன்னால் கேள்.”

பாணும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கித் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சாப்பிடு, இன்னும் சாப்பிடு என்று தன்னுடையதையும் என் பக்கம் தள்ளினார். செத்தவீட்டுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் முறை. முதலில் சாப்பிட வைக்கவேண்டும். அழுகைக்கு உடம்பில் தெம்பு வேண்டும். அண்ணை அதை ஒழுங்காகச் செய்தார். ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

தமிழர் இல்லாத இடம் என்று அவர் நினைத்ததும் பிழைத்துப்போனது. பக்கத்துக் கடையின் பின்கதவால் ஈரக்கையோடு ஒருவர் வெளியே வந்தார். அண்ணையோடு முன்பு ஒரே அறையில் இருந்தவர். அன்று காலை லாச்சப்பலிலிருந்து வேலைக்கு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. “தம்பி, நான் கேள்வி...” என்று தொடங்கினார். அண்ணை குறுக்கே விழுந்து பிரெஞ்சில் என்னவோ படபடவென்று சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த மனிதர் என் வலக்கையைத் தன் இரண்டு ஈரக் கைகளாலும் பிடித்து, விடாமல் நின்றார்.

“என்ன அண்ணை, தேர்தலிலை நிக்கப்போறாரோ உவர்?” என்று நான் அவர் போன பிறகு கேட்டேன்.

மேடேறிப் பந்தியோனுக்குப் போனோம். பெரிய தூண்களும் குவிமாடமுமாக இருக்கிற கட்டடம். நாட்டின் பெரிய மனிதர்களை அதற்குள்தான் புதைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போவோம் என்றேன்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“செத்த ஆக்களைப் பாத்து என்ன செய்யப்போறாய்?”

கடுமையாகச் சொன்னார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. எதையும் ஒழுங்காகப் பார்க்க விடாமல் இழுத்துக்கொண்டு திரிகிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியில் இருந்தேன். வேலையிடத்துக்கு ஒருக்கால் ரெலிபோன் எடுத்துவிட்டு வருகிறேன் என்று அண்ணை தபால் கந்தோரைத் தேடிப் போனார். போனவர் நெடுநேரமாக வரவேயில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

“என்ன, முதலாளி ஏசினவரோ?”

“ஓம்” என்றார்.

அவர் எடுத்தது கொழும்பு மாமாவுக்கு. சுடலைவரை போய் வந்த எல்லாக் கதையும் அந்த ரெலிபோனில் கேட்டிருக்கிறார். அந்தப் படியில் வைத்து அவர் எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். எடுத்தாகிவிட்டது, சாப்பிட்டாகிவிட்டது, இன்னும் எதற்கு மறைப்பு? இதைப் பல வருஷம் மனதுக்குள் வைத்து அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது அந்தக் கோபம் பாதியாகிவிட்டது. வேறொருவருக்கு அப்படி ஒரு செய்தியை நானே சொல்லவேண்டி வந்தபோது, வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

அண்ணை எழும்பிப் பின்பக்கத்துத் தூசியைத் தட்டினார். “வா, மொன்மார்த்துக்குப் போவம்” என்றார்.

மொன்மார்த் குன்றின் படிகளில் ஏறும்போது என் கோபம் போய்விட்டது. அந்த வயதில் கோபம் நெடுநேரம் தங்காது. மேலே சின்னச் சதுக்கத்தில் ஓவியர்கள் வருகிறவர் போகிறவர் முகங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். உச்சியில் இருக்கிற வெள்ளை மாதா கோயிலுக்குள்ளும் போய் வந்தோம். வெளியே படியில் நின்றால் முழு ஊரும் கீழே கிடக்கிறது. காலையிலிருந்து நடந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். அண்ணை அதையெல்லாம் பார்க்கவில்லை. இடது பக்கம் எட்டி எட்டி ரயில் தண்டவாளம் தெரிகிறதா என்று பார்த்தார். அந்தப் பக்கத்தில்தான் லாச்சப்பல்.

“இண்டைக்குச் சந்தோசமே உனக்கு?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை. ஒருநாளும் மறக்கமாட்டன்.”

“ஓம்” என்றார்.

அங்கிருந்து இறக்கத்தில் நடந்தே திரும்பினோம். பார்பேஸ் தாண்டி, தலைக்கு மேலே மெத்ரோ ஓடுகிற அந்த நீண்ட பாலத்துக்குக் கீழால் வந்தோம். லாச்சப்பலுக்குள் வந்ததும் எங்கோ சுண்டல் தாளிக்கும் வாசம் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே கோபுரம் வைத்த கோயில் இல்லை. ஒரு கட்டடத்தின் கீழ் அறையில் பிள்ளையாரை வைத்துக் கும்பிட்டார்கள். வெள்ளிக்கிழமையென்றபடியால் சனம் கூடியிருந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே தேவாரம் கேட்டது. இவ்வளவு சந்தோசமான நாளுக்குப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடாமல் போவது சரியில்லை என்று குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன்.

அண்ணையின் கை என் தோளில் விழுந்தது.

“போகாதை.”

“ஏன்? உங்களுக்குக் களைப்பெண்டால் நில்லுங்கோ. நான் ஒருக்கால் கும்பிட்டிட்டு வாறன்.”

“நாங்கள் இரண்டு பேரும் போகக்கூடாது தம்பி.”

குனிந்தபடியே நின்றேன். கோயிலுக்குப் போகக்கூடாதென்றால் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. இரண்டு பேருக்கும் கூடாதென்றால், எங்கள் தகப்பன் வழியில் யாரோ. மாதா கோயில் இரண்டுக்குள் போய்வரத் துடக்கு இல்லை, பிள்ளையாரிடம் மட்டும் போகமுடியாது. எங்கள் ஆட்களின் கணக்கு அப்படி. எனக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. தகப்பன் வழியில் சாகக் கிடந்தவர் ஒருவர்தானே.

அவர் முகம் வழிக்காததும், வெள்ளிக்கிழமை பார்த்ததும், குழாயில் முகம் கழுவியதும், சிவந்த கண்ணும் எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. நான் அண்ணையைக் கட்டிப்பிடித்தேன். சிறுவயதுக்குப் பிறகு அவரைக் கட்டிப்பிடித்தது அன்றுதான்.

“பெரியப்பா போயிட்டாரே அண்ணை? காலமையே தெரியுமே உங்களுக்கு? உந்தத் துக்கத்தை வைச்சுக்கொண்டே என்னை ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

அண்ணை மரம் மாதிரி நின்றார். கோயிலுக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் விலகிப் போனார்கள். நான் அழுதேன். பெரியப்பாவுக்காகவும் அழுதேன், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போகமுடியாமல் அந்த ஊரில் நின்ற அண்ணைக்காகவும் அழுதேன். எனக்கு அப்பா சொன்ன சொல் நினைவில் இருந்தது. அது ஒரு தனிப்பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரைத் தேற்ற எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் கிடைத்தது.

“யோசியாதேங்கோ அண்ணை. அங்கை அப்பா நிக்கிறார்தானே. நீங்கள் இல்லாத குறை தெரியாமல் அவர் எல்லாம் செய்திருப்பார். தன்ரை அண்ணைக்கு அவரே கொள்ளி வைச்சிருப்பார்.”

அப்போதுதான் அண்ணை உடைந்தார். இடுப்பை மடித்து, கோயில் சுவரோடு சரிந்து, சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

“இல்லையடா. எங்கடை ஐயா இருக்கிறார்.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை.

“ஐயாவைக் கதிரையிலை இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போனவையாம். வேண்டாமெண்டு எல்லாரும் சொல்லியும் கேக்கேல்லையாம். பெடியள் ரெண்டு பேரும் இல்லை, என்ரை தம்பிக்கு நான்தானெண்டு சத்தம் போட்டவராம்.” அண்ணை மூச்சை இழுத்தார். “அவர்தான் சித்தப்பாவுக்குக் கொள்ளி வைச்சவர்.”

உள்ளே பூசை முடிந்து சனம் வெளியே வரத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தங்கள் சப்பாத்தைத் தேடி எங்கள் காலடியில் கையை விட்டுத் துழாவினார்கள். ஒருவர் என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவர் யாரென்று நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணையின் அப்பா உயிரோடு இருக்கிறார் என்பது அந்த நேரம் எனக்குத் தாங்க முடியாத கோபமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்த பெரியப்பா கண்ணுக்குள் வந்தார். இரண்டு வருஷமாக அப்பா குளிப்பாட்டித் துடைத்துவிட்ட அந்த உடம்பு வந்தது.

“எந்தக் கையாலை?” என்று கேட்டேன்.

அண்ணைக்கு அந்தக் கேள்வி விளங்கியது. அவரும் அதை ரெலிபோனில் மாமாவிடம் கேட்டிருக்கவேண்டும்.

“அந்த விழுந்த வலக்கையாலைதான் வைப்பனெண்டு நிண்டவராம்” என்றார். “எங்கடை அம்மா பக்கத்திலை இல்லை, பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லைதானே. ஆரோ அயலட்டைப் பெரியவர் ஐயாவின்ரை விரலை மடக்கிக் கொள்ளியைப் பிடிப்பிச்சவராம். ரெண்டு தரம் கீழை விழுந்திட்டுதாம். மூண்டாம் தரம் இடக்கையாலை வைச்சவராம்.”